சுவரில் காடி வெட்டும்போது: கட்டரும் தூசியும்

[காட்சி: தக்கலைப் பக்கம் ஒரு பழைய வீடு. சுவரில் சாக்பீஸ் கோடு. கட்டர் சத்தம்.]

வயரிங் பைப் பதிக்கச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுகிறார்கள். கட்டர் ஓடத் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. வெட்டுகிற அண்ணன் மூக்கைச் சுற்றித் துவர்த்து (துண்டு) கட்டியிருக்கிறார். "மாஸ்க் போடலையாண்ணே?" என்று கேட்டால், "அதான் துவர்த்து இருக்குல்லா தம்பி" என்கிறார். நம் குமரி மாவட்டத்தில் குளச்சல் முதல் குலசேகரம் வரைக்கும் நான் கேட்கிற பதில் இதுதான். அதனால் அந்தத் துவர்த்தில் இருந்தே தொடங்குகிறேன்.

[காட்சி: ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும் தூசி, நெருக்கத்தில்.]

செங்கல், கான்கிரீட், கருங்கல், எம்-சாண்ட் கலந்த பூச்சு, எல்லாவற்றிலும் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. வெட்டும்போது கண்ணுக்குத் தெரிகிற தூள் கீழே விழுந்துவிடும். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூள்தான் வேலை முடிந்த பிறகும் காற்றில் நின்று, நுரையீரலின் அடிவரை போகிறது. அங்கே தழும்பு உண்டாக்குகிறது. அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. காசநோய் பிடிக்கிற வாய்ப்பும் கூடும். இந்தத் தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே வகைப்படுத்திவிட்டது.

துவர்த்தின் இழைகளுக்கு நடுவே இந்தத் தூள் தாராளமாக நுழையும். நனைத்துக் கட்டினாலும் அப்படித்தான். குறைந்தது என்95 மாஸ்க் வேண்டும், இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்திவிட வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும்.

மாஸ்க்கைவிட நல்லது, தூசியைக் கிளம்பும் இடத்திலேயே அடக்குவது. அதற்குத் தண்ணீர்தான் முதல் வழி. ஆனால் நம் தளங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

[காட்சி: கையாள் பாட்டிலில் இருந்து தண்ணீர் ஊற்றுவது. திரையில் சிவப்புக் கோடு.]

கட்டராகப் பிடிக்கிற சாதாரண ஆங்கிள் கிரைண்டர் தண்ணீருக்காகச் செய்யப்பட்டதில்லை. மோட்டாருக்குள் தண்ணீர் போனால் வெட்டுகிறவர் கைக்கு மின்சாரம் வரும். அவர் நிற்பதோ ஈரத்தரையில். தண்ணீர்க் குழாய் பொருத்தும் வசதியோடு வருகிற மார்பிள் கட்டரை எடுங்கள். அதையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக மட்டும் ஓட்டுங்கள். மின்கசிவு வந்த நொடியில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் சுவிட்ச் அது. இந்த ஒரு செலவில் மட்டும் பேரம் பேசாதீர்கள். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்று இருக்கிற மாவட்டம் நம்முடையது. வயர் ஜாயிண்ட் ஈரத்தில் கிடக்கவே கூடாது. தண்ணீர் விட முடியாத அறை என்றால், கட்டர் மேல் மூடியும் தூசி உறிஞ்சும் வேக்குவமும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

[காட்சி: வீல், நெருக்கத்தில். அதன்மேல் அச்சிட்ட எண்.]

அடுத்தது வீல், அதாவது மெஷினில் சுற்றி வெட்டுகிற வட்டத் தகடு. 4 அங்குல வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு அந்த வேகத்தில் 20 நிமிடம்தான் ஆகும். உடைந்த துண்டு பறப்பதும் அதே வேகத்தில். அதனால் வீலில் போட்டிருக்கிற சுற்று எண்ணிக்கை மெஷினில் போட்டிருப்பதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. 5 அங்குல வீல் மாட்டுவதற்காக, வீலை மறைக்கிற கார்டைக் (பாதுகாப்பு மூடியை) கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மரம் அறுக்கிற பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டவும் வேண்டாம், அது பிடித்தால் விரலோடு நிற்காது. வீல் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

காடியில் வீல் கொஞ்சம் சாய்ந்தாலும் இறுகிப் பிடித்துக்கொள்ளும், மெஷின் உதைக்கும். ஒரே இழுப்பில் முழு ஆழமும் போக நினைப்பதால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. முதலில் மேலோட்டமாக ஒரு கோடு, அப்புறம் அதே கோட்டில் ஆழம். இரண்டு கையும் மெஷினில் இருக்கட்டும், பக்கவாட்டுக் கைப்பிடி கழன்றிருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். வீலுக்கு நேர்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள். கண்ணாடி பக்கமும் மூடியதாக இருக்கட்டும், காதுக்கு அடைப்பான். சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு கட்டர் பிடிக்க வேண்டாம். தொங்கும் நுனியை வீல் சுருட்டிவிடும், பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் வீல் சில நொடி சுற்றும், நின்ற பிறகே கீழே வையுங்கள்.

பழைய சுவர் என்றால் உள்ளே வயர் ஓடலாம். மெயினில் அந்த லைனை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தூண், பீம் பக்கம் கட்டரைக் கொண்டு போகாதீர்கள், கம்பி அறுந்தால் வீட்டுக்கே ஆபத்து. அப்புறம், இரண்டு மூன்று செங்கல்லைப் பாதியாக்க வேண்டியிருந்தால் கட்டரே எதற்கு? கொத்துக்கரண்டியின் விளிம்பால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை அது.

[காட்சி: மாலை. அறை முழுக்கத் தூள். ஒருவர் தண்ணீர் தெளிக்கிறார்.]

வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுத்து அப்படியே கூட்டினால், படிந்த தூளெல்லாம் மறுபடி மேலே எழும். தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள், அதுவரை மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். போட்டிருந்த சட்டையை வீட்டுத் திண்ணையில் வைத்து உதறாதீர்கள், பிள்ளைகள் அங்கேதான் விளையாடும். தளத்திலேயே மாற்றி, பையில் கட்டிக் கொண்டுபோய், மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக வாளித் தண்ணீரில் முக்குங்கள்.