கணக்கில் விழாத பாட்டி

அனைவருக்கும் வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியர்களும் சமூகநலத் துறைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற கூட்டம் இது. அதனால் நேராக ஒரு எண்ணிலிருந்து தொடங்குகிறேன்: 0.3.

வேலூரை ஒட்டிய கிராமங்களில் 65 வயது தாண்டியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்.-4 அளவுகோலை வைத்து எண்ணினால், நூற்றுக்கு 0.3 பேருக்குத்தான் டிமென்ஷியா என்கிற மறதி நோய். அதே அளவுகோல் கியூபாவில் 6.3 காட்டியது. 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு இது. செய்தவர்கள் 10/66 ஆய்வுக் குழுவினர். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம்.

நம் ஊரில் இந்த நோய் குறைவு, சாப்பாட்டில் சேரும் மஞ்சள் காப்பாற்றுகிறது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. படிப்பையும் ஊர்ப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்து அதே குழு தானே அமைத்த முறையில் அளந்தபோது, ஏழு நாடுகளில் எந்த ஊரும் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை.

அப்படியானால் அந்தக் கிராமத்துப் பாட்டிகள் முதல் கணக்கில் எங்கே போனார்கள்? டி.எஸ்.எம்.-4இன்படி மறதி மட்டும் போதாது, அன்றாட வேலை கெட்டிருக்கிறது என்றும் தெரிய வேண்டும். அதை வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். "ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டால் மருமகள் என்ன சொல்வார்? "ஒண்ணும் இல்லீங்க, வயசாயிடுச்சு, அவ்வளவுதான்." பொய் இல்லை. அடுப்படி மருமகள் கைக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. பேங்குக்கு மகன் போகிறார். பாட்டியிடம் யாரும் எந்த வேலையையும் எதிர்பார்க்கவில்லை, ஆகவே எந்த வேலையும் கெடவில்லை.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "போன பொங்கலுக்குச் செய்த எதை இந்தப் பொங்கலுக்கு விட்டுட்டாங்க?" அப்போது வரும்: குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டார், அதனால் சமைக்க விடுவதில்லை. ரேஷன் கடைக்குப் போனவர் வழி தெரியாமல் வேறு தெருவில் நின்றார், அதனால் தனியே அனுப்புவதில்லை. வீடு சத்தமில்லாமல் அந்த வேலைகளை வாங்கிக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரிச் சோதனைகளும் இதைத் தவறவிடும். ஐந்துகோண வடிவத்தை வரையச் சொன்னால், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், பள்ளிக்கூடமே போகாதவர் நல்ல நினைவோடு இருந்தாலும் தோற்றுப்போவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ நோய் பாதி முற்றிய பிறகும் பாஸ் ஆவார். அதனால்தான் ஆளைச் சோதிப்பதோடு வீட்டாரையும் விசாரிக்கச் சொல்கிறோம்.

இந்திய அளவில் பின்னால் நடந்த லாசி-டாட் ஆய்வு 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்றது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். பெண்களிடமும் படிக்காதவர்களிடமும் கிராமங்களிலும் அதிகம். மக்கள்தொகையில் 60 தாண்டியவர்கள் 10 சதவீதத்திலிருந்து 20 ஆக பிரான்ஸுக்கு ஏறக்குறைய 150 வருடம் பிடித்தது. நமக்கும் சீனாவுக்கும் பிரேசிலுக்கும் இருபது வருடத்துக்குச் சற்று மேல்தான். பென்ஷன், நர்ஸ், முதியோர் இல்லம் எல்லாவற்றையும் அதற்குள் கட்டியாக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் டிமென்ஷியாவுக்கென ஒரு செயல்திட்டம் போட்டது. 2025க்குள் முக்கால்வாசி நாடுகள் தேசியக் கொள்கை வகுத்திருக்க வேண்டும் என்பது இலக்கு. 2021இல் பார்த்தால் கால்வாசி நாடுகளிடம்தான் இருந்தது. காகிதத்தை விடுங்கள், களத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏற்கெனவே பி.பி., சுகர் மாத்திரைகளோடு வாசற்படி வரை போகிறது. அந்தத் தன்னார்வலர் கூடுதலாக ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும், ஆனால் வரிசை முக்கியம். முதல் கேள்வி: "எப்போதிலிருந்து?" நேற்றிலிருந்து, மூன்று நாளாக என்றால் அது டிமென்ஷியா இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் உப்பு இறங்குவது என்று ஏதோ ஒன்றால் வந்த திடீர்க் குழப்பம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் என்றால், இரண்டாவதாக மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். தூக்க மாத்திரை, சளி மாத்திரை, கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில் மூன்றுமே முதியவரின் நினைவைக் கலைக்கும். மூன்றாவது: சமீபத்தில் கீழே விழுந்தாரா? சின்ன அடிதான் என்பார்கள். மூளைக்கு வெளியே மெல்லக் கசியும் ரத்தம் வாரங்கள் கழித்துக்கூட மறதியாகத் தெரியும், இங்கே ஸ்கேன் தேவைப்படும். பிறகு தைராய்டு, வைட்டமின் பி12, காது கேட்கிறதா என்பது. மனச்சோர்வையும் விசாரியுங்கள்.

ஒன்றை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மறதியுள்ளவர் காலை சுகர் மாத்திரையைப் போட்டதை மறந்து இன்னொன்று போடுவார், சாப்பிடவும் மறப்பார். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையானால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, பிதற்றல், மயக்கம். "மறதி முத்திடுச்சு" என்று வீடு படுக்க வைத்துவிடும். அப்படி ஆகாமல் தடுக்க வழி, டப்பா மருமகள் கையில் இருப்பதும், தாழ்சர்க்கரை அபாயம் குறைந்த மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேட்பதும்தான்.

கண்டுபிடித்துவிட்டோம், அப்புறம்? அனுப்ப இடமில்லாமல் கண்டுபிடிப்பது வீட்டாருக்குச் செய்யும் கொடுமை. கோவாவில் 81 குடும்பங்களிடம் ஒரு சோதனை நடந்தது, 2008இல் முடிவு வெளியானது. உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நோயைப் பற்றி விளக்குவது, கத்தினால், அலைந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பது, தேவைப்பட்டால் மனநல மருத்துவரைக் காட்டுவது. ஆறு மாதத்தில் பராமரிப்பவரின் மனநிலை தெளிவாகத் தேறியது. நோயாளியின் நடத்தையில் அவ்வளவு உறுதியான மாற்றம் தெரியவில்லை. அது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. பார்த்துக்கொள்கிறவர் நிலைகுலைந்தால் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

பணக் கணக்கு போடுவோம். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று 30 ரூபாய் என்றே வையுங்கள். நாளுக்கு மூன்று, மாதம் 2,700. தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023இல்தான் 1,000இலிருந்து 1,200 ஆனது. அதில் 80 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். பாட்டியைப் பார்க்க மருமகள் கூலி வேலையை விட்டால் அந்தக் கூலியும் போச்சு. 70 தாண்டிய எல்லோருக்கும் 5 லட்சம் காப்பீடு என்று 2024இல் மத்திய அரசு விரிவாக்கியது. அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் செல்லும். டிமென்ஷியா பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுக்கிற நோய் கிடையாது, வீட்டில் பல வருடம் இருக்கிற நோய். பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கோ வீட்டுக்கு வரும் ஆளுக்கோ அதிலிருந்து ஒரு பைசா வராது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. பார்க்கின்சன் பெயர் சொல்லியே இருக்கிறது. டிமென்ஷியாவின் பெயர் இல்லை. மனநோய் என்ற தலைப்புக்குள் புகுந்துதான் சான்றிதழ் வாங்க வேண்டும். "எங்கம்மா பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிற மகனைக் குறை சொல்ல முடியவில்லை.

கடைசியாக, வீட்டாருக்கு இன்றே சொல்ல வேண்டியது. "பவர் எழுதி வாங்கிட்டோம், கவலையில்லை" என்பார்கள். நம் ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் முடிந்துபோகும். எது நடக்கும் என்று பயந்து எழுதினார்களோ, அது நடந்ததும் பத்திரம் வெறும் காகிதம். காப்பாளரை நியமிக்க வழிசெய்யும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டமும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று நான்கைத்தான் சொல்கிறது. மற்றவர்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு அலைகிறார்கள். ஆகவே நோய் தெரிந்த முதல் சில மாதங்களில், அவருக்கே விவரம் புரிந்து சம்மதம் சொல்ல முடிகிற காலத்தில், பேங்க் கணக்கை, இருவரில் யார் ஒருவரும் பணம் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். நாமினி பெயர் சரியா என்று பாருங்கள். உயில் எழுதினால், அன்றைய தேதியில் தெளிவாக இருந்தார் என்ற டாக்டர் சான்றையும் அதே கவரில் வையுங்கள்.