பாட்டுக்கு நடுவுல பேசின சாக்ஸபோன்: கிங் கர்ட்டிஸ்

(திரை கருப்பு. சாக்ஸபோன் ஒலி மட்டும்.)

அரீத்தா ஃபிராங்க்ளின் பாடின 'ரெஸ்பெக்ட்' உங்க காதுல எங்கேயாவது விழுந்திருக்கும். மொத்தமே இரண்டரை நிமிஷம்தான். பாதியில அரீத்தா நிறுத்துறாங்க, ஒரு டெனார் சாக்ஸபோன் புகுந்து 15, 20 வினாடி பேசிட்டுப் போயிடுது. அவ்வளவுதான். ஆனா அந்த இடத்தை வெட்டிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, பாட்டு மூச்சு விடாம ஓடுற மாதிரி இருக்கும்.

(திரையில்: நியூயார்க், அட்லாண்டிக் ஸ்டுடியோ, 1967 பிப்ரவரி 14)

பாடகர் ஓட்டிஸ் ரெடிங் 1965-ல பாடின மூலப் பாட்டுல இந்தப் பகுதியே கிடையாது. அரீத்தாவோட பதிவுக்காக இதைப் புதுசா செருகினாங்க. அதுக்கான சுரக்கூட்டுகளை (chords) சாம் அண்ட் டேவ்ங்கிற ஜோடி பாடின வேற ஒரு பாட்டுல இருந்து எடுத்துக்கிட்டாங்க. சிக்கல் என்னன்னா, பாட்டு ஓடுறது சி மேஜர்ங்கிற சுருதியில. செருகின பகுதி எஃப் ஷார்ப் மைனர்ல. கீபோர்டு வாசிக்கிறவங்களைக் கேளுங்க: சி-யில இருந்து அதைவிடத் தள்ளிப் போக இடமே இல்லை. ஆனாலும் கேக்கிறப்ப எங்கேயும் இடறாது. ஏன்னா போறப்பவும் வர்றப்பவும் நம்மளைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது அந்த சாக்ஸபோன்.

வாசிச்சவர் கிங் கர்ட்டிஸ்.

(படம்: டெக்சஸ் வரைபடம். ஃபோர்ட் வொர்த் மேல வட்டம்.)

1934-ல பொறந்தவர். முழுப்பேரு கர்ட்டிஸ் ஔஸ்லி. ஃபோர்ட் வொர்த்ல ஐ.எம். டெரல்னு கறுப்பினப் பிள்ளைங்களுக்கான உயர்நிலைப் பள்ளி. ஜாஸையே தலைகீழாக்கின ஆர்னெட் கோல்மன் படிச்சதும் அதே பள்ளிதான். ஒரே ஊர்க் காத்து, ஆனா இரண்டு பேரும் போன திசை வேற. கோல்மன் இலக்கணத்தை உடைச்சார். கர்ட்டிஸ் அடுத்தவங்க பாட்டுக்குள்ள எங்கே இடைவெளி இருக்குன்னு தேடினார்.

லயனல் ஹாம்ப்டனோட ஜாஸ் குழுவோட ஊர் ஊராச் சுத்திட்டு, 1950-கள்ல நியூயார்க்ல செட்டில் ஆனார். செஷன் வேலை. ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுவாங்க, வாசிக்கணும், கூலி வாங்கணும், அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடணும். பெரும்பாலும் ரெக்கார்டு அட்டையில பேரு கூட இருக்காது.

(ஒலி: கோஸ்டர்ஸ் பாட்டுக்குழு, 'யாக்கட்டி யாக்', 1958)

இங்கதான் அவர் முத்திரை விழுந்தது. சாக்ஸபோன்ல சத்தம் வர்றது ஒரு சீவாளி அதிர்றதால. அந்தச் சீவாளியை நாக்கு நுனியால தொட்டா சத்தம் நிக்கும், எடுத்தா பேசும். கர்ட்டிஸ் தொட்டுத் தொட்டு எடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் பட்டாணி பொரியற மாதிரி குட்டி குட்டியாத் தெறிக்க விட்டார். பசங்களை வீட்டு வேலை செய்யச் சொல்லி மிரட்டுற வேடிக்கைப் பாட்டு அது. சாக்ஸபோனும் கோழி மாதிரி கொக்கரிச்சு வம்பளக்குது! அமெரிக்காவுல முதல் இடத்துக்குப் போச்சு. அதுக்கப்புறம் ராக் அண்ட் ரோல்ல சாக்ஸபோன்னாலே இப்படித்தான் வாசிக்கணும்னு ஆயிடுச்சு. எனக்கு இதுல ஒரு சின்ன வருத்தம் உண்டு: அந்தக் கொக்கரிப்பு அவ்வளவு பிரபலமானதால அவரோட மத்த முகங்களைப் பல பேரு கவனிக்கவே இல்லை.

(படம்: 1960 ஆல்பம் அட்டை, 'தி நியூ சீன் ஆஃப் கிங் கர்ட்டிஸ்')

அதுல ஒரு முகம் ஜாஸ். இந்த ஆல்பத்துல கூட வாசிச்சவங்களைப் பாருங்க. பியானோ வின்டன் கெல்லி, டபுள் பாஸ் பால் சேம்பர்ஸ். அப்போ ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோட குழுவுல இருந்தவங்க. கார்னெட், அதாவது டிரம்பெட் மாதிரி ஒரு ஊதுகருவி, நாட் ஆடர்லி. அவங்களுக்கு நடுவுல கர்ட்டிஸ் கொஞ்சமும் தடுமாறலை. கொக்கரிப்பு இல்லை, அவசரமும் இல்லை. நீளமான வாக்கியங்கள், அடிநாதமா ப்ளூஸ். ஆனா வீட்டு வாடகை கட்டினது ஜாஸ் இல்லைங்க. 1962-ல அவரோட 'சோல் ட்விஸ்ட்' ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுப் பட்டியல்ல முதலிடம்.

1963 ஜனவரி, மயாமியில ஹார்லெம் ஸ்கொயர் கிளப். சோல் பாடகர் சாம் குக் பாடுறார், பின்னாடி கர்ட்டிஸ் குழு. வெள்ளை ரசிகர்களுக்கு மென்மையாப் பாடுற சாம் குக் இல்லை இது, தொண்டை கிழியக் கூப்பிடுற சாம் குக். அவர் ஒரு வரி கூப்பிட்டா சாக்ஸபோன் அதுக்குப் பதில் சொல்லுது. தேவாலயத்துல பாதிரியார் சொல்லச் சொல்ல கூட்டம் எதிர்க்குரல் குடுக்கும் பாருங்க, அந்தப் பழக்கம். இந்தப் பதிவு வெளிவந்தது 1985-ல. அதுக்குள்ள இரண்டு பேருமே போயிட்டாங்க.

1965-ல நியூயார்க் ஷே ஸ்டேடியம், பீட்டில்ஸ் கச்சேரிக்கு முன்னாடி மேடை ஏறின குழுக்கள்ல இவருதும் ஒண்ணு. 1966-ல கொஞ்ச காலம் இவர் குழுவுல கிடார் வாசிச்ச பையன் பின்னாடி ராக் கிடார் ஜாம்பவானா ஆன ஜிமி ஹென்ட்ரிக்ஸ். கிராமி விருதும் வந்தது.

(ஒலி: 'மெம்ஃபிஸ் சோல் ஸ்டூ', சான் ஃபிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்ட் அரங்கம், 1971 மார்ச்)

இது என் ஃபேவரிட். சமையல் குறிப்பு மாதிரி ஒரு பாட்டு. அரைக் கப் பாஸ் கிடார்னு சொல்வார், ஜெர்ரி ஜெம்மாட் ஆரம்பிப்பார். ஒரு பவுண்டு டிரம்ஸ், பெர்னார்ட் பர்டி. அப்புறம் கார்னெல் டுப்ரீயோட கிடார், ஒரு சிட்டிகை ஆர்கன், அது பில்லி பிரஸ்டன். கடைசியிலதான் ஊதுகருவிகள். குழுவை அறிமுகம் செய்ய இதைவிட அழகான வழி இருக்கான்னு தெரியலை. தன்னைக் கடைசியா வெச்சுக்கிட்டார் பாருங்க! அங்க நடந்த மூணு ராத்திரி கச்சேரியிலயும் இந்தக் குழுதான் அரீத்தாவுக்கும் பின்னணி.

(இசை நிக்குது.)

அந்த ஜூலையில ஜான் லெனனோட 'இமாஜின்' ஆல்பத்துக்கு வாசிச்சார். ஆகஸ்ட் 13, நியூயார்க் 86-வது தெரு, தன் வீட்டு வாசல்ல நடந்த வாய்த்தகராறுல கத்திக்குத்து பட்டு இறந்துட்டார். வயசு 37. லெனன் ஆல்பம் வெளிவந்தது செப்டம்பர்ல. இறுதிச் சடங்குல அரீத்தா பாடினாங்க.

அந்தச் சடங்குக்கு வந்தவங்கள்ல ஒருத்தர் கிடார் கலைஞர் டுவான் ஆல்மன், நெருங்கின நண்பர். சில நாள் கழிச்சு, ஆகஸ்ட் 26, நியூயார்க்ல ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோவுல டுவானோட குழு ஆல்மன் பிரதர்ஸ் வானொலிக்காக நேரலையா வாசிக்கிறாங்க. நீளமான ஒரு ப்ளூஸ் பாட்டுக்கு நடுவுல டுவான் எல்லாத்தையும் அடக்கிட்டு, கர்ட்டிஸைப் பத்தி நாலு வார்த்தை பேசுறார். அப்புறம் கர்ட்டிஸோட 'சோல் செரனேட்' மெட்டைக் கிடார்ல மெதுவா எடுக்கிறார். அந்தப் பதிவு இப்போ ஆல்பமாவே கிடைக்குது. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

(ஒலி: கிடார், மெல்லக் குறையுது.)