பிச்சாவரத்தில் மண்வெட்டி எடுக்கும் மாணவர்களுக்கு

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகப் பிச்சாவரம் புறப்பட இருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

சதுப்பு நிலத்தை மீட்பது என்றவுடன் மரக்கன்று நடுவதுதான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் நாளை உங்கள் கையில் கன்றைவிட மண்வெட்டியே அதிக நேரம் இருக்கப்போகிறது. வாய்க்காலில் படிந்த வண்டலை வாரிக் கரையேற்றுவதுதான் உங்களுடைய முதன்மையான வேலை. அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டு நீங்கள் சேற்றில் இறங்க வேண்டும் என்பதற்காகவே இங்கே நிற்கிறேன்.

வடக்கே வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையில் ஓடைகளும் திட்டுகளுமாக விரிந்து கிடக்கும் கண்டல் காடு, அதாவது அலையாத்திக் காடு, பிச்சாவரம். 2022ஆம் ஆண்டில் 1,478 ஹெக்டேர் பரப்புடன், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையை இன்று காண விரும்புவோரும் இந்தக் காட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் பல ஆண்டுகள் இங்கே கூப்பு முறை நடந்தது. காட்டைக் கூறுகளாகப் பிரித்து, முறைவைத்து, ஒவ்வொரு கூறிலும் இருந்த மரங்களை அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாகத் தழைத்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்துப்போனது. அது பொய்த்த விதத்தைத்தான் நீங்கள் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிழல் போனதும் சேற்றின் ஈரம் வெயிலில் வற்றியது. ஈரம் வற்றியதும் மண் இறுகித் தாழ்ந்தது. திட்டின் நடுப்பகுதி தாம்பாளம்போலக் குழிந்தது. கடலின் நீர்மட்டம் நாள்தோறும் உயர்ந்து தாழ்வதை ஓதம் என்கிறோம். ஓதம் ஏறும்போது அந்தக் குழிவுக்குள் புகும் கடல்நீர், ஓதம் வடியும்போது வெளியேற வழியின்றித் தேங்கி, கோடை வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் மண்ணில் விட்டுச் சென்றது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறிக்கொண்டே போன அந்த மண்ணில், உப்பைத் தாங்கி வாழ்வதில் வல்லதான வெண்கண்டலின் விதைகூட வேர்விடவில்லை. உமரிபோன்ற சிறு செடிகள் மட்டும் ஆங்காங்கே நின்றன.

காடு மீளாததற்கு அந்த ஊர் மக்களின் ஆடுமாடுகளும் அவர்கள் பொறுக்கும் விறகுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. எளிய மக்கள்மேல் சுமத்தப்பட்ட அந்தப் பழி எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே நடத்திய ஆய்வுகள், நீர் வந்துபோகும் வழி அடைபட்டதே மூலகாரணம் என்று காட்டின. அதன் பிறகே அந்த நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். ஓடையிலிருந்து குழிவின் நடுவே ஒரு தாய் வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள்: இதனை மீன்முள் வடிவ வாய்க்கால் என்கிறார்கள். நாள்தோறும் இருமுறை ஓதநீர் ஏறி இறங்க, மண்ணின் உப்பு மெல்ல மெல்லக் கழுவப்பட்டது. கன்றுகளை மேட்டிலும் நடவில்லை, அடியிலும் நடவில்லை. ஓதம் நனைத்துவிட்டு வடியும் வாய்க்கால் சரிவில் நட்டார்கள். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே ஒரு சாண் உயரம் தவறினாலும் கன்று ஒன்று மூழ்கி அழுகும், அல்லது காய்ந்து கருகும். கயிறு பிடித்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் நட வேண்டும் என்று நாளை உங்களிடம் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் சலிப்போடு கேட்காதீர்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டல் நடும் ஆர்வம் பல நாடுகளில் பெருகியது. இலங்கையில் அப்படி நட்டவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. தரைமட்டமும் உப்பும் பொருந்தாத இடங்களில் நட்டதும், நட்ட பிறகு கவனிக்காமல் விட்டதுமே அதற்கு முதன்மையான காரணங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறுமையாகத் தெரிகிற சேற்றுவெளி எல்லாம் காடாக வேண்டியதில்லை. குளிர்காலத்தில் வந்திறங்கும் உள்ளான் பறவைகளுக்கு அந்தத் திறந்த சேறுதான் இரைக்களம். அங்கே கன்று நடுவது ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை உருவாக்க முயல்வதாகும்.

அங்கே உங்களுக்கு வழிகாட்ட வருபவர்களில் இருளர் மக்களும் இருப்பார்கள். ஓடைநீரில் அமர்ந்து, கையால் துழாவியே இறால் பிடிப்பவர்கள் அவர்கள். எந்த ஓடை தூர்ந்துவருகிறது, எந்தத் திட்டில் நீர் நிற்கிறது என்பதை அவர்களுடைய கால்கள் அறியும். ஓதம் எப்போது திரும்பும் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடத்தில் வெட்டுங்கள்.

முதல்வர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெட்டிய வாய்க்கால் அப்படியே நிலைப்பதில்லை. ஓதமும் மழைவெள்ளமும் கொண்டுவரும் வண்டல் அதைத் தூர்த்துக்கொண்டே இருக்கும். தூர்ந்தால் நீர் மறுபடியும் தேங்கும், உப்பு மறுபடியும் ஏறும், நட்டவை பட்டுப்போகும். ஆகவே வனத்துறையின் ஒப்புதலோடு ஏதேனும் ஒரு வாய்க்காலை நம் கல்லூரியின் பொறுப்பாகவே கேட்டுப் பெற்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களை அதே வாய்க்காலுக்கு அனுப்பிவைக்க வேண்டும். இந்த ஆண்டு செல்பவர்கள் வாய்க்காலின் ஆழத்தையும், நீரின் உப்பளவையும், பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையையும் ஒரு பதிவேட்டில் எழுதி, அடுத்த ஆண்டு செல்பவர்களிடம் ஒப்படைக்கட்டும்.