முயல் தேடும் மூலை

நேயர்களுக்கு வணக்கம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் இந்தக் கடலோரத்தில் ஆடு, மாடு, கோழியோடு முயலையும் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரான என்னிடம் வருகிறார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டிருப்பார்கள், வெள்ளைக் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்திருக்கும். வருகிற தாய்மார்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டுதான். "டாக்டரம்மா, வீடு முழுக்கப் புழுக்கை போடுது. கிட்டப் போனா ஓடி ஒளியுது." இரண்டையும் தனித்தனிக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. பயந்த முயல் கண்ட இடத்தில் போகும். இந்த வீட்டில் நமக்கு ஆபத்தில்லை என்று அதற்குத் தெரிந்த பிறகே ஒரு மூலையைத் தேடிக்கொள்ளும்.

வீட்டு முயல் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தது. வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த சாதி. படுக்கிற இடம் ஒன்று, கழிகிற இடம் ஒன்று என்கிற வழக்கம் அதன் பிறவியிலேயே இருக்கிறது. நம் தரிசுகளில், சீமைக்கருவேலம் புதர்களில் ஓடுவது வேறு இனம். அது வளை தோண்டாது, அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உண்டு. பிடித்து வந்து வளர்க்கக் கூடாது.

ஆக, வீட்டு முயலுக்கு நாம் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை, கவனித்தால் போதும். வந்தவுடன் வீடு முழுவதையும் திறந்துவிடாதீர்கள். ஒரு கட்டில் அளவு இடத்தைத் தடுத்து அதற்குள் விடுங்கள். எந்த மூலையில் மூத்திரம் போகிறது என்று பாருங்கள். அந்த மூலையில் ஒரு தட்டை வையுங்கள். விளிம்பு தாழ்ந்த அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும், முயல் உள்ளே நின்று திரும்ப இடம் இருக்க வேண்டும். அடியில் பழைய செய்தித்தாள் நாலைந்து மடிப்பு, மேலே ஒரு பிடி வைக்கோல். மூத்திரம் நனைந்த தாளில் ஒரு துண்டையும் சில புழுக்கைகளையும் அதற்குள் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற விஷயம். தின்பதற்கான புல்லைத் தட்டின் ஒரு ஓரத்திலேயே வையுங்கள், அல்லது தட்டிலிருந்து எட்டித் தின்னும்படி கட்டுங்கள். சாப்பாட்டையும் கழிவையும் ஒன்றாக வைப்பதா என்று நமக்கு மனம் ஒப்பாது. முயலுக்குத் தின்றுகொண்டே கழிவதுதான் சுபாவம். அருகம்புல்லையும் கொழுக்கட்டைப் புல்லையும் நிழலில் உலர்த்திக் கட்டிவைத்தால் தின்ன வரும்போதெல்லாம் தட்டில்தான் நிற்கும், வேலை பாதி முடிந்துவிடும். அதன் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது. புல்லை மென்றால்தான் அது தேயும், குடலும் ஓடும். பிஸ்கட்டும் சோறும் வேண்டாம்.

கடற்கரை மணலைத் தட்டில் கொட்டாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பதால் நம் பக்கத்தில் பலரும் இதைச் செய்கிறார்கள். ஈரமும் உப்புமாகக் காலில் ஒட்டும். முயல் தன்னை நக்கியே சுத்தம் செய்கிற பிராணி என்பதால் மணல் வயிற்றுக்குள் போகும். பூனைக்கென்று விற்கிற, நனைந்தால் கட்டியாகும் மண்ணும் அப்படித்தான். மரப்பட்டறைத் தூள் மூச்சுக்கு ஆகாது.

மூத்திரம் தட்டுக்குள் விழ ஆரம்பித்த பிறகும் வெளியே சில புழுக்கைகள் கிடக்கும். அது தன் எல்லையைக் குறித்துவைப்பது. அதட்டாமல் கூட்டி அள்ளித் தட்டுக்குள்ளேயே போடுங்கள். வெளியே நனைந்த இடத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள், வாசனை மிஞ்சினால் அங்கேயே திரும்பப் போகும். அடிக்கவே கூடாது. அடித்தால் உங்களைக் கண்டு பயப்படும், தட்டை விட்டும் ஓடும். அள்ளிய புழுக்கையை முருங்கைக்கும் தென்னைக்கும் அப்படியே போடலாம், நம் மணல் பூமிக்கு நல்ல உரம்.

சில நேரம், அதிலும் இரவில், மென்மையான கொத்துப் புழுக்கை வரும். அதை முயல் குனிந்து வாயால் எடுத்துத் தின்னும். நோய் என்று நினைத்துத் தடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தடுக்காதீர்கள், அதில்தான் அதற்கு வேண்டிய வைட்டமின் பி இருக்கிறது. தீனியைப் பொறுத்து மூத்திரம் சிவந்தும் போகலாம். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் மட்டும் உடனே காட்டுங்கள்.

இனிப் பழக்கம். முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் பின்னால் வருவதும் மேலே பறப்பதும் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பதுதான் தெரியாது. நின்றபடி குனிந்து நாம் கையை நீட்டினால் செம்பருந்து இறங்குவதைப் போலத்தான் அதற்கு இருக்கும். அதனால் தரையில் உட்காருங்கள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு அதைப் பார்க்காமலே இருங்கள். தானாக வந்து முகரும், பாவாடையைக் கடித்துப் பார்க்கும். ஒரு காம்பைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். வாங்கித் தின்னப் பழகிய பிறகு நெற்றியை மட்டும் தடவுங்கள், தாடைக்கடியில் வேண்டாம். தானே வந்து தாடையை உங்கள் காலில் தேய்த்தால் அங்கே உள்ள சுரப்பியின் வாசனையை உங்கள்மேல் பூசுகிறது, உங்களைத் தன் இடத்தோடு சேர்த்துக்கொள்கிறது என்று அர்த்தம். அந்தப் பிரியத்தை அவசரப்படுத்தி வாங்க முடியாது.

காதைப் பிடித்துத் தூக்குவதை, தயவுசெய்து, இன்றோடு விட்டுவிடுங்கள். முயலின் எலும்பு மெல்லியது, பின்னங்காலின் பலமோ அதிகம். பயந்து உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். தூக்கியே ஆகவேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பாகத்துக்கடியில். சின்னப் பிள்ளைகள் தூக்க வேண்டாம், உட்கார்ந்து தடவட்டும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் முயல் நன்றாக வளர்கிறது என்றால் அங்கே குளிர். இங்கே 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். வியர்க்காத பிராணி, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். கத்திரி வெயிலில் கூண்டின்மேல் ஈரச்சாக்கு போடுங்கள், மண்சட்டியில் நல்ல தண்ணீர் வையுங்கள். உவர்த் தண்ணீர் வேண்டாம், நீங்கள் குடிப்பதையே கொடுங்கள். ஒளிந்துகொள்ளச் சாயமில்லாத பனை ஓலைப் பெட்டி ஒன்று போதும், கடித்தாலும் கெடுதலில்லை. பழைய வலையால் கூண்டை மூடாதீர்கள். தங்கூசி என்கிற நைலான் நரம்பைக் கடித்து விழுங்கிவிடும்.

நாலு முதல் ஆறு மாத வயதில், பழகிய முயலும் திடீரென்று தட்டை மறந்து வெளியே பீய்ச்சும். பருவம் வந்துவிட்டது. அதற்கு வழி கருத்தடை அறுவைதான். முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். அதுவரை ஆணையும் பெண்ணையும் சேர்த்து விடாதீர்கள். சுமார் 31 நாளில் குட்டி போட்டுவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அரை நாள் தீனி தொடாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் சுருண்டிருந்தால் குடல் நின்றுபோயிருக்கலாம். காலையில் பார்ப்போம் என்று இருக்காமல் அப்போதே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பகல் என்றால் பெட்டியின்மேல் ஈரத்துணி போட்டு, காற்றுப் போக வழிவிட்டு எடுத்து வாருங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள், நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். வணக்கம்.