17,900 ரூபாய்க்கு ஒரு குசினிக் கத்தி வாங்கினேன் உறவுகளே!

வணக்கம் உறவுகளே. இன்றைக்குச் சமையல் இல்லை, அடுப்பே இன்னும் மூட்டவில்லை. கையில் இருப்பதைப் பாருங்கள். கத்தி! போன மாதம் கணவாய்ப் பிரட்டல் வீடியோவில் என்னுடைய பழைய கத்தி தக்காளிப்பழத்தின் தோலில் வழுக்கி என் விரலில் பட்டது, ஞாபகம் இருக்கும். அன்றைக்கு "அக்கா, முதலில் நல்ல கத்தி ஒன்று வாங்குங்க" என்று கனக்கப் பேர் எழுதியிருந்தீர்கள். வாங்கிவிட்டேன். முந்தாநாள் டவுணுக்குப் போய் வாங்கி, இரண்டு நாளாக இதோடேயே இருக்கிறேன்.

ஆனால் முதலில் என் கோபத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். இதற்கு முன்னால் ஒன்லைனில் ஒரு கத்தி எடுத்தேன். வீடியோவில் காட்டவில்லை, பாவித்துப் பார்த்துவிட்டுக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அலகு முழுக்க அலை அலையாகக் கோலம், பார்க்க அவ்வளவு வடிவு. 'டமஸ்கஸ்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. உண்மையான டமஸ்கஸ் என்று விற்பது இரண்டு வகை உருக்கை அடுக்கடுக்காக வைத்துச் சூட்டில் அடித்து ஒன்றாக்கியது. அதை அமிலத்தில் போட்டு எடுத்தால் அடுக்குகள் வேறுவேறு நிறமாகத் தெரியும், அதுதான் அந்தக் கோலம். எனக்கு வந்ததில் கோலத்தை லேசரால் மேலே வரைந்துவிட்டிருக்கிறார்கள். இரண்டு கிழமை தேசிக்காய் வெட்டி, கம்பிப் பஞ்சால் நாலு தரம் தேய்த்தேன், இந்த இடத்தில், இதோ பாருங்கள், கோலமே இல்லை. வெறும் தகரம் மாதிரி இருக்கிறது. அசல் என்றால் மேலே மங்கினாலும் அடுக்கு உள்ளே இருக்கும், திரும்ப அமிலத்தில் போட்டால் வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. மரவள்ளிக்கிழங்கு வெட்டும்போது கூர் ஒரு பக்கமாக மடங்கிப் போனது. மரவள்ளிக்கிழங்குக்கே மடங்கினால் அது என்ன கத்தி? கோலத்தைப் பார்த்துக் கத்தி வாங்காதீர்கள், தயவுசெய்து.

சரி, இந்தக் கத்திக்கு வருகிறேன். விக்டோரினொக்ஸ், சுவிட்சர்லாந்துக் கம்பனி. 1884 இல் கார்ல் எல்செனர் என்பவர் ஈபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை. சிவப்பு நிறத்தில் மடக்குக் கத்தி பார்த்திருப்பீர்களே, அதே ஆட்கள்தான். இது 20 சென்டிமீட்டர் அலகு, எட்டு இஞ்சி. கறுப்பு பிளாஸ்டிக் பிடி. பார்வைக்கு ஒன்றுமே இல்லை. அம்மா பார்த்துவிட்டு, "ஏன் புள்ள, இந்தப் பிளாஸ்டிக் பிடிக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டார்.

விலையைச் சொல்லத்தான் வேண்டும். 17,900. ஆனால் கதை விலையில் இல்லை, விலை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் துடைக்கும்போது ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பி நின்றது. நகத்தால் மெல்ல உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், 14,500. அதையும் உரித்தேன். அதற்கடியில் இன்னொன்று. 8,900! பெட்டி அப்போது முதல் அந்த ராக்கையிலேயே இருந்திருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. ஒரே கத்தி, ஒரே பெட்டி, மூன்று விலை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு குசினிப் படியில் இருந்தேன். பிறகு யோசித்தேன். 2022 தொடக்கத்தில் இலங்கையில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், அந்த வருடம் மே மாதம் 360. நாம் எல்லோரும் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்கள். கடைக்காரர் திரும்ப ஒன்று இறக்க வேண்டுமென்றால் புது டொலர் விலையில்தானே இறக்க வேண்டும். அது விளங்குகிறது. விளங்கினாலும் அந்த 8,900 மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு நாளாக அந்த மூன்று ஸ்டிக்கரையும் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், இதோ. அம்மா கிழிக்கச் சொல்கிறார், நான் விடவில்லை. ஆகவே ஒன்று சொல்கிறேன்: கடையில் பழைய இருப்பு இருந்தால், பெட்டியைத் தடவிப் பாருங்கள், ஸ்டிக்கர் தடிப்பாக இருந்தால் விலை பேசுங்கள். நான் பேசாமல் வந்துவிட்டேன்.

இப்போது ஏன் இதையே எடுத்தேன் என்று சொல்கிறேன். ஜப்பான் கத்தி வாங்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். கடையில் ஒன்று இருந்தது, கையில் எடுத்தால் தாள் மாதிரி மெல்லிசு. ஆனால் ஜப்பான் கத்திகளின் உருக்கு கடினமானது, கடினத்தை அளக்கும் ரொக்வெல் அளவில் 60, அதற்கும் மேல். இதுவோ 56 அளவில் நிற்கும். கடினம் கூடினால் கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் நொறுங்கும். நம் குசினியில் என்ன நடக்கிறது? பாரை மீன் முள், ஆட்டெலும்பு, நண்டு ஓடு, பிலாக்காய். அவசரத்தில் யாராவது அந்தக் கத்தியை எடுத்து எலும்பில் போட்டால் கூரில் பல் விழுந்துவிடும், அதைத் தீட்டி எடுக்க அரை நாள் போகும். மிருதுவான உருக்கு என்றால் நொறுங்காது, மடங்கும். மடங்கினால் நிமிர்த்தலாம். எங்கள் வீட்டில் நான் மட்டும் கத்தி பிடிப்பதில்லை, அம்மா, தங்கச்சி, விடுமுறைக்கு வந்தால் மாமி, எல்லோரும் பிடிப்பார்கள். அதனால் மிருதுவானதே எனக்குச் சரி.

துரு விஷயம் இன்னொன்று. மட்டக்களப்பு கல்லடியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, யன்னல் கம்பியே தேய்ந்து போகிறது. கார்பன் இரும்புக் கத்தி நல்ல கூர் எடுக்கும், எனக்கு நல்ல விருப்பம், ஆனால் இரவு கழுவித் துடைக்காமல் வைத்தால் காலையில் செம்மஞ்சள் புள்ளி. பழப்புளியும் தேசிக்காயும் பட்டால் கறுத்துவிடும், வெட்டின வெங்காயத்திலும் அந்தக் கறுப்பு ஏறும். என் புதுக் கத்தியின் உருக்கில் சுமார் 15 வீதம் குரோமியம், அதனால் துரு அவ்வளவு எளிதில் பிடிக்காது. அதற்காகத் தண்ணீரில் ஊறப் போடலாம் என்று அர்த்தமில்லை.

அளவைச் சொல்ல மறந்துவிட்டேன், பொறுங்கள். 15, 20, 25 என்று மூன்று அளவு இருந்தது. அம்மாவின் கை சின்னது, அதனால் 15 எடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு பூசணிக்காயை நினைத்தேன். 15 சென்டிமீட்டர் பூசணியின் நடுவிலேயே புதைந்து நின்றுவிடும். 20 எடுத்தேன். எடுத்த பிறகுதான் என் பழைய வெட்டுப் பலகை போதாது என்று தெரிந்தது. கத்தியின் நுனி பலகைக்கு வெளியே போகிறது! தச்சு வேலை செய்யும் மாமா பலா மரத்தில் புதுசு ஒன்று செய்து தந்தார். பலகைக்கு அடியில் ஈரத் துணி ஒன்றை விரித்தால் ஆடாது.

கண்ணாடிப் பலகை வைத்திருப்பவர்களே, அதை இன்றைக்கே சுவரில் மாட்டிவிடுங்கள். கண்ணாடியில் வெட்டினால் எந்தக் கத்தியும் ஒரு நாளில் மொட்டை. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே என் பல் கூசுகிறது. ஆறு கத்தி, ஒரு கத்தரிக்கோல், மரக்கட்டையில் குத்தி விற்கிறார்களே, அந்த செட்டும் எனக்குப் பிடிக்காது. ஆறு மொட்டைக் கத்திக்குக் கொடுக்கும் காசில் நல்லது ஒன்று வாங்கலாம். பாண் வெட்ட அரப்பல் கத்தி ஒன்று, பூண்டு உரிக்கச் சின்னது ஒன்று, அவ்வளவும் போதும்.

பிடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று ஆணி அடித்த மரப்பிடி இருந்தால்தான் நல்ல கத்தி என்று சொல்வார்கள். இதில் ஆணியே இல்லை. நான் நேற்று கணவாய் துப்பரவு செய்தேன், கை முழுக்க வழுவழுப்பு, பிடி கொஞ்சமும் நழுவவில்லை. கடையில் பார்க்கும்போது பிடியை மட்டும் பிடித்துப் பார்க்காதீர்கள். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அலகின் அடியை, பிடிக்குச் சற்று முன்னால், கிள்ளிப் பிடியுங்கள், இப்படி. வெட்டுவதுபோல் பலகையில் வைத்துப் பாருங்கள். விரல் முட்டி பலகையில் இடிக்கிறதா? இடித்தால் அலகின் உயரம் உங்கள் கைக்குப் போதாது.

இனி, நான் சந்தோஷமாகக் காட்ட வேண்டியது. கல்! கத்தி எவ்வளவு விலையானாலும் மழுங்கத்தான் செய்யும். எங்கள் அம்மம்மா கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் தீட்டுவார், அம்மா கோப்பையைக் கவிழ்த்து அடியில் இருக்கும் கரடான வளையத்தில் தீட்டுவார். கோப்பை உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் நான் தண்ணீர்க் கல் வாங்கினேன், ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000, இலக்கம் கூடக்கூடக் கல் நைசாக இருக்கும். புதுக் கத்தியில் பழக மனம் வரவில்லை, அம்மாவின் பத்து வருடப் பழைய மொட்டைக் கத்தியை எடுத்தேன். கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊற வைத்தேன். சாய்வுதான் எனக்குப் பிடிபடவில்லை. 15 பாகை என்கிறார்கள், 15 பாகையை யார் கண்ணால் கண்டது? அப்போதுதான் ஒன்று தோன்றியது. அலகு 5 சென்டிமீட்டர் அகலம் என்றால், முதுகைக் கல்லில் இருந்து 13 மில்லிமீட்டர் தூக்கினால் 15 பாகை. கிட்டத்தட்ட ஒரு நெருப்புப்பெட்டி படுத்திருக்கும் உயரம்! பெட்டியை முதுகுக்கு அடியில் வைத்துப் பார்த்து, கையை அதே இடத்தில் நிறுத்தி, பெட்டியை எடுத்துவிட்டுத் தீட்டினேன்.

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்கம் விரலை வெளிப்பக்கமாகத் தடவினால் மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்படும். நகத்தில் மாட்டும். அடியில் இருந்து நுனிவரை அது வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். முதலில் எனக்கு நடுவில் மட்டும் வந்தது, நுனியில் வரவேயில்லை. நாற்பது நிமிடம் போனது. நுனிக்குப் போகும்போது முழங்கையைச் சற்று உயர்த்தியதும் வந்துவிட்டது! பிறகு 6000 பக்கத்தில் மெல்ல இழுத்துப் பிசிரை எடுத்தேன். தக்காளிப்பழத்தைப் பலகையில் வைத்து, கையால் பிடிக்காமல், கத்தியைப் படுக்கையாக இழுத்தேன். மேல்துண்டு வந்துவிட்டது, கீழ்ப்பாதி அசையாமல் அங்கேயே இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன், நாலு தக்காளி முடிந்தது. அம்மா அந்தக் கத்தியாலேயே அரைக் கிலோ சின்ன வெங்காயம் அரிந்தார். கண் எரிச்சல் குறைவாக இருக்கிறது என்றார். அது கூரினால்தான். மொட்டைக் கத்தி வெங்காயத்தை நசுக்கும், சாறு தெறிக்கும்.

நீளமான இரும்புக் கோல் ஒன்றில் உரசுவார்களே, அது தீட்டுவது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மடங்கிய கூரை நிமிர்த்த மட்டும் அது. கிழமைக்கு இரண்டு தரம் கோல், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கா கல், இப்படித்தான் செய்யப் போகிறேன்.

பட்டறைக் கத்தியை எறிந்துவிட்டேனா என்று கேட்பீர்கள். ஒருக்காலும் இல்லை. கொல்லுப்பட்டறையில் அடித்த தடிப்பு முதுகுக் கத்தி அதோ தொங்குகிறது, தேங்காய் எண்ணெய் பூசித்தான் வைப்பேன். தேங்காய், பிலாக்காய், மீன் தலை எல்லாம் அதன் வேலை. புதுக் கத்தியால் தேங்காய் உடைக்க யாராவது வந்தால் நான் கையைப் பிடித்துவிடுவேன். காலையில் பெரிய பாரை ஒன்று வந்திருக்கிறது. தலைக்கு அதை எடுக்கிறேன், சதைக்கு இதை. கமராவை மேசைப் பக்கம் திருப்புகிறேன், இருங்கள்.