சுவருக்கு எத்தனை கல்?

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கட்டட வேலை பார்க்கிறேன். முதலில் கையாள், அப்புறம் கொத்தனார், இப்போது மேஸ்திரி. வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கல்லு ஆகும்?" என்பதுதான். கல் என்றால் செங்கல். அந்தக் கேள்வியில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீடு. பின்கட்டை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்ட வேண்டும். வெளி அளவு 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி, ஒன்பது அங்குலச் சுவர். சூளைக்குப் போனேன். மாதிரிக்கு ஒரு சேம்பர் கல்லை, அதாவது சேம்பர் சூளையில் சுட்ட செங்கல்லை, எடுத்து நீட்டினார்கள். நீளம் எட்டேமுக்கால் அங்குலம், அகலம் நாலேகால், உயரம் இரண்டேமுக்கால். அளந்துகொண்டு வந்து கணக்குப் போட்டேன்.

கல்லை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கல்லோடு கலவையும் சுவரில் இடம் பிடிக்கிறது. அரை அங்குலக் கலவையைச் சேர்த்தால், முகப்பில் ஒரு கல் அடைக்கிற இடம் ஒன்பதேகால் அங்குலத்துக்கு மூன்றேகால். பெருக்கினால் 30 சதுர அங்குலம். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். 144-ஐ 30-ஆல் வகுத்தால் 4.8. நாலரை அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு 4.8 கல், ஒன்பது அங்குலச் சுவருக்கு அதில் இரண்டு மடங்கு, 9.6.

அடுத்தது சுவரின் நீளம். பன்னிரண்டும் பத்தும் இரண்டிரண்டு தடவை, ஆக 44 அடி என்று பலரும் கூட்டிவிடுவார்கள். அங்கேதான் தப்பு. மூலையில் இருக்கிற ஒன்பது அங்குலத்தை நெடுஞ்சுவரும் எண்ணுகிறது, குறுக்குச் சுவரும் எண்ணுகிறது. நாலு மூலைக்கு மூன்று அடி அதிகம். உண்மையான நீளம் 41 அடிதான். அந்த மூன்று அடியைக் கழிக்காமல் விட்டிருந்தால், பத்தடி உயரத்துக்கு 288 கல் வீணாக வாங்கியிருப்போம்.

41 அடி நீளம், 10 அடி உயரம், 410 சதுர அடி. கதவு, இரண்டு ஜன்னல், அவற்றுக்கு மேலே சுற்றிலும் ஓடுகிற ஆறங்குலக் கான்கிரீட் பட்டையான லிண்டல் எல்லாவற்றையும் கழித்தால் 329 நிற்கும். அதை 9.6-ஆல் பெருக்கினால் 3,158. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து. ஆக, 3,300 கல், இரண்டு லோடு என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டேன்.

லிண்டலுக்கு மேலே வேலை நடக்கும்போது கொத்தனார் இறங்கி வந்து, "அண்ணே, கல்லு பத்தாது போலிருக்கே" என்றார். போய்ப் பார்த்தால், இன்னும் மூன்று வரிக்கு மேல் பாக்கி. கல் காலி. கீழே கிடந்த அரைக்கல் ஒன்றை எடுத்து டேப்பை வைத்தேன். உயரம் இரண்டரை அங்குலம். முழுக்கல்லை அளந்தால் நீளம் எட்டரை. மாதிரிக்குக் காட்டியது ஒரு கல், லாரியில் வந்தது வேறு கல். கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் கலவையோடு அது ஒன்பதுக்கு மூன்று, 27 சதுர அங்குலம். சதுர அடிக்கு 9.6 ஆக இருந்தது 10.67 ஆகிவிட்டது. உடைசலையும் சேர்த்தால், அதே சுவருக்கு 380 கல்லுக்கு மேல் கூடுதலாக வேண்டும்.

ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டார்கள்: "ஏன் தம்பி, ரெண்டு லோடுன்னு சொன்னியே, மூணாவதுக்கு எதுக்குக் காசு?" லாரி வாடகையைக் கல்லுக்குத் தகுந்த மாதிரி யாரும் குறைப்பதில்லை. அந்த வாடகையை நானே கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஒரு கல்லை நம்புவதில்லை. லோடில் அங்கும் இங்குமாக இருபது கல்லை எடுத்து, தரையில் முட்டி முட்டி வரிசையாக வைத்து, மொத்தத்தையும் டேப்பால் அளந்து இருபதால் வகுக்கிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இந்தியத் தரநிர்ணய முறையிலேயே இருபது கல்லைச் சேர்த்து வைத்துத்தான் அளவு பார்க்கிறார்கள்.

பாலிடெக்னிக் முடித்து வருகிற பிள்ளைகள் "கன மீட்டருக்கு 500 கல்" என்பார்கள். சரிதான், ஆனால் அது 19-க்கு 9-க்கு 9 சென்டிமீட்டர் கல்லுக்கான கணக்கு. நான் அளந்த மாதிரிக் கல்லுக்கு அதையே போட்டால் 430 பக்கம்தான் வரும்.

சிமெண்ட் பிளாக் கணக்கு சுலபம். முகம் 16 அங்குலத்துக்கு 8. நூறு சதுர அடிக்குக் கலவை சேர்க்காமல் 112, அரை அங்குலக் கலவை சேர்த்தால் 103 பக்கம். நாலங்குலமோ, ஆறோ, எட்டோ, எண்ணிக்கை மாறாது. விலையும் கனமும்தான் மாறும். எட்டங்குல சாலிட் பிளாக் ஒன்று முப்பது கிலோவுக்கு மேல், தூக்குகிறவர் இடுப்பைக் கேட்டால் தெரியும்.

இந்தக் கணக்கு எதுவும் நம்ம செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவருக்கு ஒத்துவராது. அங்கே இருப்பது தட்டையான நாட்டுக்கல், சுண்ணாம்புக் கலவை, தடிமனான சுவர். முகப்புச் சுவரில் ஒரு கல் அளவு, உள்முற்றத்து வளவுச் சுவரில் வேறு அளவு என்றுகூடப் பார்த்திருக்கிறேன். இடிந்த இடத்தை எடுத்துக் கட்ட வேண்டுமென்றால், பூச்சு உதிர்ந்த பக்கத்தில் சாக்பீஸால் மூன்றடிக்கு மூன்றடி கட்டம் போட்டு, உள்ளே எத்தனை கல் என்று எண்ணி, ஒன்பதால் வகுத்துவிடுவேன். அது முகத்தில் தெரிகிற கல் மட்டும். உள்ளே எத்தனை அடுக்கு என்பதை உடைந்த ஓரத்தில் பார்த்துப் பெருக்க வேண்டும். பழைய வீடு இடிக்கிறபோது தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விடும், கல்லை யாராவது காம்பவுண்டுக்கு வாங்குவார்கள். அப்படி வாங்கினால் உடைசலுக்கு ஐந்து சதவீதம் காணாது. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைத் தட்டும்போதே நிறையக் கல் பாதியாகும்.

இன்னொன்று, மொத்தக் கல்லையும் முதல் நாளே இறக்காதீர்கள். பாதியை இறக்கி, ஜன்னல் அடி மட்டம் வரை கட்டியபின் எத்தனை கல் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். கொத்தனார் கலவையை அரை அங்குலம் வைக்கிறாரா, முக்கால் வைக்கிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மீதிக் கல்லை அந்தக் கணக்கில் சொல்லிக்கொள்ளலாம். ஆச்சி வீட்டுக் காம்பவுண்டு வேலை அடுத்த வருடம் வந்தது. அப்படித்தான் செய்தேன், இரண்டு லோடோடு முடிந்தது. வணக்கம்.