அப்பா ஆவதற்கு முந்தைய மூன்று மாதங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கணவனும் மனைவியுமாகப் பலர் சேர்ந்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். கருத்தரிப்பு பற்றிய பேச்சு என்றாலே மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுக் கணவர் வெளியே காத்திருப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வீட்டில் முடிவாகிறது. உடனே மனைவி ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கிறார். இரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சரியா, சர்க்கரை எவ்வளவு, எடையைக் குறைக்க வேண்டுமா என்று அவரைப் பற்றி ஆயிரம் விசாரணை. எல்லாம் தேவையானவைதான். ஆனால் கணவரை யாராவது ஒரு கேள்வி கேட்கிறார்களா? அவராவது தன்னையே கேட்டுக்கொள்கிறாரா? பிறக்கப் போகும் குழந்தையின் மரபணுவில் சரிபாதி அவரிடமிருந்து வருகிறது. அந்தப் பாதியைப் பற்றி வீட்டில் பேச்சே எழுவதில்லை.

ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கணக்கு 74 நாள். ஒரு விந்தணு விரையில் உருவாகி முழுமையடைய ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகிறது. அதன்பிறகு விரையை ஒட்டியுள்ள சுருண்ட குழாயில் சில நாட்கள் தங்கித்தான் நீந்தும் திறனைப் பெறுகிறது. மொத்தத்தில் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு முன் உங்களுக்குக் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் இன்றைய பரிசோதனையில் எண்ணிக்கை குறைந்து காணலாம். இன்றைக்கு நீங்கள் சிகரெட்டை விட்டால் அதன் முழுப் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். எனக்கு இது பெரிய நம்பிக்கை தரும் செய்தியாகப் படுகிறது. பெண் தன் கருமுட்டைகளோடுதான் பிறக்கிறாள். ஆணின் உடலோ ஒவ்வொரு நாளும் புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. திருத்திக்கொள்ள ஆணுக்கு இத்தனை வாய்ப்பு இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் என்னை வருத்துகிறது.

ஏன் விடுகிறோம்? விந்துப் பரிசோதனையை ஆண்மைக்கு வைக்கும் தேர்வாக நினைப்பதால்தான். சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்கத் தயங்காதவர் இதற்கு மட்டும் நாள் தள்ளுகிறார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாம்பத்திய உறவில் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு விந்தணுவே இல்லாமல் இருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. விந்து திரவத்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவது, விந்தணுவின் பங்கு அதில் மிகக் குறைவு. ஆகவே ‘எனக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்பது பரிசோதனைக்குப் பதிலாகாது.

அறிக்கை கையில் வந்ததும் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பது குறைந்தபட்ச அளவுகோல். சரியான வடிவம் உள்ளவை நூற்றுக்கு 4 இருந்தாலே போதும். நூற்றில் 96 வடிவம் மாறியிருப்பதைப் பார்த்து நொந்துபோகாதீர்கள், அது இயல்புக்கு உட்பட்டதுதான். இந்த எல்லைக்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் உண்டு. ஒரே ஒரு அறிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். முடிவு சரியில்லை என்றால் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள்.

இந்தத் தயக்கத்தின் விலையை மனைவிதான் கொடுக்கிறார். கருத்தரிப்பு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது, தனியாகவோ பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ. அப்படியிருந்தும் மாதக்கணக்கில் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே, சிலருக்கு வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பி என்று அவர் உடல்தான் அலைக்கழிகிறது. கணவர் செய்ய வேண்டியது 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் மாதிரி கொடுப்பது. வலி இல்லை, ஊசி இல்லை. இதைக் கடைசியில் வைப்பது நியாயமே இல்லை.

விந்தணுவை ஊசியால் நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்சி என்ற முறையில் 1992-ல் முதல் குழந்தைகள் பிறந்தது பற்றி அறிக்கை வந்தது. ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணு போதும் என்பதால், எத்தனையோ ஆண்கள் அதனால் அப்பா ஆகியிருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குறை ஆணிடம் இருக்கும்போதும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவரும், முட்டை எடுப்பதற்காக மயக்கம் வாங்கிக்கொள்பவரும் பெண்தான். அந்த இடத்துக்குப் போகும் முன் கணவரைச் சரியாகப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். வேரிகோசீல் என்று ஒன்று இருக்கிறது, விதைப்பையில் இரத்தநாளம் புடைத்துக்கொள்வது. ஆண்களில் 100-க்கு 15 பேருக்கு அது உண்டு. குழந்தையின்மைக்காக வருபவர்களில் அந்த அளவு இரண்டு மடங்குக்கும் மேல். மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம், தேவைப்படுவோருக்கு அறுவை சிகிச்சையும் உண்டு.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உடம்பை ஏற்றுவதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ வேறு ஸ்டீராய்டோ போட்டால், ‘இரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறது’ என்று மூளை புரிந்துகொள்கிறது. விரைகளுக்கு அனுப்பிவந்த ஹார்மோன் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விரை சுருங்குகிறது, விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைகூடப் போகலாம். நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குத் திரும்பி வருகிறது, ஆனால் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். களைப்பாக இருக்கிறது என்று யாரோ எழுதிக்கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் இதையேதான் செய்யும். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சூடும் அப்படித்தான். விரைகள் உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். அடிக்கடி வெந்நீர்த் தொட்டியில் கிடப்பதையும், மடியில் லேப்டாப் வைத்து மணிக்கணக்கில் உட்காருவதையும் அந்த மூன்று மாதமாவது தவிர்க்கலாம். தொழிலிடத்தையும் மறக்க வேண்டாம். 1977-ல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைக் கவனித்துப் பரிசோதனை கேட்டார்கள். பலருக்கு விந்தணு மிகக் குறைவாக இருந்தது, சிலருக்கு இல்லவே இல்லை. அவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதால்தான் அது வெளியே வந்தது. பூச்சிமருந்து, ஈயம், கரைப்பான்களோடு வேலை செய்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாத்திரைக் கடையை நம்பிவிடாதீர்கள். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆணுக்குக் கொடுத்தால் பலன் உண்டா என்று 2,000-க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் நடத்திய அமெரிக்க ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. விந்தின் தரமும் உயரவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. சிகரெட், மது, அதிக எடை, கட்டுக்கடங்காத சர்க்கரை, இவற்றைச் சரிசெய்வதற்கு டப்பாவில் மாற்று கிடையாது.

விந்தணுவோடு விஷயம் முடிந்துவிடவும் இல்லை. ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, சிபிலிஸ் ஆகியவற்றுக்குக் கணவரும் பரிசோதித்துக்கொண்டால்தான் தாயையும் குழந்தையையும் காக்க முடியும். தாலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான மரபணு இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரலாம். மனைவியை மட்டும் சோதித்து, மரபணு இருக்கிறது என்று தெரிந்தும் கணவரை விட்டுவிட்டால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்க இருப்பவர்கள், எந்த வயது இளைஞராக இருந்தாலும், முதல் ஊசிக்கு முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது பற்றிக் கேளுங்கள். பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

ஆண்களை மட்டும் குறை சொல்லி நான் இறங்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-லேயே, ஒவ்வொரு பெண்ணும், ஒவ்வொரு ஆணும், ஒவ்வொரு தம்பதியும் குழந்தைப்பேறு குறித்துத் திட்டம் வைத்துக்கொள்ள ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனாலும் கருத்தரிப்புக்கு முந்தைய ஆலோசனை என்றால் இன்றும் மகளிர் மருத்துவரின் அறையைத்தான் காட்டுகிறார்கள். அங்கே கணவருக்கு ஒரு நாற்காலி இருக்கலாம், அவர் பெயரில் சீட்டு இருக்காது. தயங்காமல் உங்கள் பொது மருத்துவரிடம் போங்கள். ‘நாங்கள் குழந்தைக்கு முயற்சி செய்யப் போகிறோம், என்னைப் பரிசோதியுங்கள்’ என்று சொன்னால் போதும். இரத்த அழுத்தம், சர்க்கரை, நீங்கள் சாப்பிடும் மருந்துகள், சிறுவயதில் விரை இறங்காமல் இருந்ததா, வளர்ந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியதா, இதையெல்லாம் அவர் கேட்பார். ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில், இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதனைக்குப் போங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகள். ஒலிபெருக்கி முன்னால் வந்து கேட்கக் கூச்சமாக இருக்கலாம். அப்படி இருப்பவர்கள் சீட்டில் எழுதி முன்வரிசைக்குக் கொடுத்தனுப்புங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை, எல்லாச் சீட்டையும் படித்துப் பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.